28 எழுத்து மட்டும்தானா அது?

ஒரு பிள்ளை மேடையில் நீளமான ஆங்கில வார்த்தை ஒன்றைச் சொல்லும் வீடியோவுக்குக் கீழே, ‘அர்த்தம் கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லுங்கள்’ என்று எழுதினேன். அதற்கு விழுந்த வசவுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் 28 எழுத்துள்ள ‘ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்’ என்பதை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்ன அந்தப் பிள்ளை மேல் எனக்கு என்ன கோபம்? அர்த்தம் கேட்ட பிள்ளையிடம் “அதெல்லாம் எதுக்கும்மா, ரொம்ப நீளமான வார்த்தை, அவ்வளவுதான்” என்று சிரித்தார்களே பெரியவர்கள், அவர்கள் மேல்தான் கோபம்.

அர்த்தம் இருக்கிறது. அரசாங்கம் ஒரு திருச்சபையைச் சட்டப்படி தன் சபையாக வைத்துக்கொள்கிறது. அந்தப் பிணைப்பை அறுக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அறுக்கக் கூடாது என்று 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் மல்லுக்கு நின்றவர்களின் கொள்கைதான் அந்த வார்த்தை.

அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அயர்லாந்தில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஆனாலும் அரசாங்கத்தின் சபையான ஆங்கிலிக்கன் சபைக்குத் தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்ற வரி, கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள். 1834 டிசம்பரில், கார்க் மாவட்டத்து ராத்கார்மக் பக்கம், ஒரு விதவையின் 40 ஷில்லிங் பாக்கிக்காகப் பாதிரியார் பட்டாளத்தோடு போனார். ஊரே திரண்டு மறித்தது. பட்டாளம் சுட்டதில் பலர் செத்தார்கள். அங்கே அந்தப் பிணைப்பை அறுக்க பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் 1869-ல் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. வேல்ஸ் 1920 வரை காத்திருந்தது. இங்கிலாந்தில் இன்றும் மன்னர்தான் சபைக்குத் தலைவர், நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவையில் 26 பேராயர்களுக்கு இடம் உண்டு.

“கிறிஸ்தவர்களைச் சீண்டுகிறாய்” என்று ஒருவர். ஐயா, அறுக்கச் சொல்லிப் போராடியவர்களே கிறிஸ்தவர்கள்தான்! அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள், வேல்ஸில் ஆங்கிலிக்கன் சபையில் சேராத சிற்றாலயத்துச் சனங்கள்.

“நமக்கு எதுக்கு இது?” என்று இன்னொருவர். கம்பெனி காலத்திலிருந்து இங்கே ஆங்கிலிக்கன் பாதிரியார்களுக்குச் சம்பளம் போனது இந்திய வருவாயிலிருந்து. 1927-ல் சட்டம் போட்டு 1930-ல்தான் இங்குள்ள சபை இங்கிலாந்து சபையிலிருந்து பிரிந்தது. நமக்கா எதுக்கு?

எட்டாம் வகுப்பில் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன். “பரீட்சைக்கு ஸ்பெல்லிங்தான் வரும், உட்காரு” என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் நான் அந்த வகுப்பில் வாய் திறக்கவில்லை. சின்ன விஷயம்தான் என்பீர்கள். கேட்டவனுக்குத் தெரியும் அது எவ்வளவு சின்னது என்று.

ஆங்கிலம் சோறு போடும், சரி, மறுக்கவில்லை. அர்த்தத்தோடு படித்தால் போடாதா? பிள்ளையைப் பாராட்டாதே என்று நான் எங்கே சொன்னேன்? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் என்றேன், அதுதான் குற்றம். எனக்குப் பொறாமை என்று எழுதியவர்கள் ராத்கார்மக்கில் என்ன நடந்தது என்று படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.