எம்பிள்ளைக்குச் சடங்கு வைக்கல

"ஏக்கா, ஒண்ணே ஒண்ணுன்னு பெத்து வச்சிருக்கிய, பிள்ளை பெரியவளானதுக்கு ஒரு சடங்கு வைக்கவா வக்கில்லாமப் போச்சு?"

ரெண்டு வருசமா எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் பக்கத்து இலையிலருந்து இந்தக் கேள்வி வந்துருது. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி வாய் வலிக்குது. அதான் இங்கயே எழுதிடுறேன்.

வக்கெல்லாம் இருந்துச்சு. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போற அன்னைக்கு மக கேட்டா, "என் படம் போட்ட போர்டு எங்கம்மா வைப்பாங்க?" எல்லாரும் வைக்கிற முக்குலதான்னு சொன்னேன். "அங்கதான என் ஸ்கூல் பஸ் நிக்கும்?" அவ்வளவுதான் கேட்டா. ஏழாங்கிளாஸ் படிச்சுக்கிட்டிருந்தா.

எனக்கு 1994 ஞாபகம் வந்துருச்சு. ரெண்டு நாளா ரேடியோ செட் அலறுது. நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, மேல ஜமுக்காளத்தை விரிச்சு, என்னைய உக்கார வச்சிருக்காவ. கழுத்துல கதம்ப மாலை, அந்த வாசனையே தலையைச் சுத்துது. எதிர்ல என் கிளாஸ் பையன், மொய் எழுத வந்த அவன் அப்பா பக்கத்துல நின்னு வாயைப் பொத்திச் சிரிக்கான். வயித்துவலின்னு பொய் சொல்லி ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகல. அம்மை அதை நம்பி இன்னும் ரெண்டு கரண்டி நல்லெண்ணெய் குடிக்க வச்சா!

வழக்கத்தை எல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்னு நினைக்காதீங்க. உளுந்தங்களி கிண்டினேன். கருப்பட்டிப் பாகு ஊத்தி, களி சட்டியில ஒட்டாம எண்ணெய் பிரிஞ்சு வர்றவரைக்கும் ஆச்சி பக்கத்துலயே நின்னு விரட்டினா. நடுவீட்டுல குலவையும் போட்டா. அதுல பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்ல. ரெண்டாந்தடவை களி கேட்டு வாங்கித் தின்னா.

சிக்கல் மொய் நோட்டுலதான். "வெளிய கிடக்குற மொய்யை எப்படித் திரும்ப வாங்குறது?"ன்னு மாமா கேட்டாவ. கேலி பண்ற கேள்வியில்ல இது. மொய்ங்கிறது வட்டியில்லாக் கடன். நம்ம வீட்டுல விசேஷம் வச்சாத்தான் திரும்பி வரும். ஒத்தைப் பிள்ளை வீட்டுல எத்தனை விசேஷம் வந்துரும்? நம்மளப் பிடிச்சு இழுக்குறதுல பாதி பாசம், பாதி இந்த வரவு செலவு. ரெண்டுக்கும் சேர்த்துப் பண்பாடுன்னு பேரு வச்சுக்கிட்டோம்.

போன மாசம் ஒரு சடங்கு ஃப்ளெக்ஸ்ல பாரதி படம் பார்த்தேன், பிள்ளை படத்துக்குப் பக்கத்துலயே. அவரு பொண்டாட்டி செல்லம்மாளுக்குச் சொந்த ஊரு இங்க பக்கத்துல கடையம் (2019-லருந்து தென்காசி மாவட்டம், எங்க வாய்க்கு இன்னும் திருநெல்வேலிதான்). 1918 கடைசியில கடலூர் ஜெயில்லருந்து வெளிய வந்த மனுசன் அங்கதான் வந்து 1920 வரைக்கும் இருந்தாரு. பொண்டாட்டி கையப் பிடிச்சுத் தெருவுல நடந்தாருன்னு ஊரு சிரிச்ச கதையை இப்பவும் சொல்லுவாவ. இன்னைக்கு அவரு முண்டாசு ஃப்ளெக்ஸுக்கு ஆகுது. அவரு நடந்த நடை மட்டும் நம்ம தெருவுக்கு ஆகாது.

எந்தம்பி மூணு மாசம் எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. தாய்மாமன் சீரு தட்டை இவ தடுத்துட்டாளேன்னு. அது எனக்கு நெசமாவே வலிச்சுச்சு, ஊரு பேசினதெல்லாம் இதுல கால்வாசி கூட இல்ல. பொறவு ஒருநாள் அவன் பொண்டாட்டி ரகசியமா போன் போட்டா: "மதினி, நான் சொன்னேன்னு சொல்லிராதிய. சீருக்குன்னு லோடு ஆட்டோவை அடமானம் வைக்க இருந்தாவ."

அவன் எங்கிட்ட இன்னைய வரைக்கும் அதைச் சொல்லல. நானும் கேக்கல.

போன ஞாயித்துக்கிழமை ஒரு சடங்கு வீட்டுக்குப் போயி 501 எழுதிட்டு வந்தேன். "உங்க வீட்டுல வைக்கமாட்டிய, இங்க மட்டும் வந்து சாப்பிடுதியளோ?"ன்னு ஒரு சித்தி. ஆமா சித்தி. அவியல் நல்லா இருந்துச்சு, ரெண்டு தடவை வாங்கினேன்.