வெளியே அப்பினால் பீலி ஒழுகாதா?

கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் பீலி ஒழுகுகிறது, இந்த மாரி கழியும்வரை தாங்கும்படி ஏதாவது செய்துதாருங்கள் என்றுதான் திருத்த வந்தவரிடம் கேட்டேன். ஐப்பசி மழை கொட்டும்போது தகரப் பீலி முழுவதையும் கழற்றி மாற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் தற்காலிக வேலை என்றால் ஏனோதானோ வேலை என்று யாழ்ப்பாணத்தில் யார் தீர்மானித்தது?

இரண்டு தகரங்கள் சேரும் மூட்டில்தான் ஒழுக்கு. அந்த இடத்தில் மாவிலைச் சருகும் ஓட்டிலிருந்து கழுவுண்டு வந்த பாசியும் கறுத்த சேறாகப் படிந்து கிடந்தன. ஏணியைச் சாத்தி ஏறியவர் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. பீலியின் அடியில் நீர் சொட்டிய இடத்தைப் பெருவிரலால் ஒருமுறை வழித்தார். அடுத்த துளி திரள்வதற்குள் கையில் உருட்டி வைத்திருந்த எபொக்சிப் பசையை அப்பினார். துருப் பொருக்கு பசையோடு சேர்ந்து உரிந்து வந்தது. அதையும் சேர்த்தே திரும்ப அழுத்தினார். "முதல்லை உள்ளுக்குத் துப்புரவாக்குங்கோ தம்பி" என்றேன். "வெளியாலை அடைச்சால் எங்காலை அண்ணை ஒழுகிறது? இப்போதைக்கு இது காணும்" என்றார். முழுக்கூலியையும் வாங்கிக்கொண்டு போனார். அன்றிரவு மழைக்கே அந்தப் பசைக்கட்டி முற்றத்தில் விழுந்து கிடந்தது.

விழாமல் என்ன செய்யும்? ஈரத்திலும் துருவிலும் பசை எப்படிப் பிடிக்கும்? உள்ளே நிற்கும் நீர் மூட்டு வழியாக வந்து பூச்சை வெளியே தள்ளத்தானே செய்யும்? சேற்றை வாரி, கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, மழை விட்ட நேரம் பார்த்து நன்றாகக் காயவிட்டு, உட்புறமாக ஒட்டவேண்டும். அதுவும் இறுகிக் கல்லாகும் பசையால் அல்ல. 10 மீற்றர் நீளமான இரும்புத் தகரம் 30 பாகை வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீற்றர் நீண்டு சுருங்குவதால், இறுகிய பசை மூட்டில் வெடித்துவிடும். நெகிழ்ந்து கொடுக்கும் பியூட்டைல் இறப்பர் ஒட்டுநாடாவே அங்கே நிற்கும். சிலிக்கன் பூசுவதானாலும், வினாகிரி மணம் வீசும் வகை தகரத்தின் நாகப் (துத்தநாகப்) பூச்சை அரித்துவிடும் என்பதை அறிந்து வேறு வகை வாங்க வேண்டாமா? இவை அரைநாள் வேலைகூட இல்லை.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறே இல்லாத குடாநாட்டில், சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழையை நம்பியே கிணறுகள் இருக்கின்றன. 100 சதுர மீற்றர் கூரையில் 20 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,000 லீற்றர் நீர் விழும். தாங்கிக்குப் போகவேண்டிய அந்த நீர் இப்போது என் சுவரோரம் கொட்டி அத்திவாரத்து மண்ணை அரிக்கிறது. சாந்து ஊறி உதிர்கிறது. நாங்கள் பங்குனி, சித்திரையில் உவர்நீரைக் குடித்துக்கொண்டே இந்த வேலைக்குக் காசும் கொடுக்கவேண்டுமா?

தொலைபேசியில் அழைத்தால் "மழை விடட்டும் அண்ணை, வாறன்" என்கிறார். மழை விட்ட பிறகு அவர் வந்து எந்த ஒழுக்கைப் பார்க்கப்போகிறார்? ஏணியைச் சாத்தி உடைத்த ஓடுகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. இப்போது குசினிக்குள்ளும் ஒழுகுகிறது.