எரிக்கச் சொன்ன நாவல்

(கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் ஒரு தையற்கடை. 'மாஷ்' என்று எல்லோரும் அழைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் தடித்த புத்தகத்தோடு வந்து ஸ்டூலில் சாய்கிறார்.)

தையற்காரர்: என்ன மாஷே, முகம் வாடியிருக்கிறது? புத்தகம் கனமாகத்தானே தெரிகிறது?

மாஷ்: தாள்தான் கனம். எழுத்தாளர் நபக்கோவ் 1977இல் இறந்தபோது 138 குறிப்பு அட்டைகளில் அரைகுறையாகக் கிடந்த நாவல். எரித்துவிடச் சொல்லியிருந்தார். மனைவிக்கு மனம் வரவில்லை. மகன் 2009இல் வெளியிட்டுவிட்டார்.

தையற்காரர்: அப்பன் பேச்சைக் கேட்கும் பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான்! கதை என்ன?

மாஷ்: பருத்த உடம்புக்காரர் ஒருவர். கால்விரலில் தொடங்கி, மனத்தாலேயே தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டு வருகிறார்.

தையற்காரர்: அழித்து முடித்தாரா?

மாஷ்: அதற்குள் எழுதியவர் முடிந்துவிட்டார். அதையாவது பொறுத்துக்கொள்வேன். பக்கத்துக்கு ஓர் அட்டையின் படம் போட்டு, சுற்றிலும் துளையிட்டிருக்கிறார்கள். வாசகன் பிய்த்தெடுத்து இஷ்டம்போல் அடுக்கிக்கொள்ளலாமாம்!

தையற்காரர்: அடடா, இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே! துணியை வெட்டி மட்டும் கொடுத்திருப்பேன். கையை எங்கே வைப்பது என்பது உங்கள் இஷ்டம்.

மாஷ்: சிரிக்காதே. செத்தவர் எரிக்கச் சொன்னதை அச்சில் ஏற்றுவது துரோகம்.

தையற்காரர்: போன மழையில் இதே ஸ்டூலில் உட்கார்ந்து ஓர் எழுத்தாளரைப் புகழ்ந்தீர்களே, காஃப்கா. அவரும் எரிக்கத்தானே சொன்னார்?

மாஷ்: அவருடைய 'கோட்டை' நாவல் வேறு, தம்பி! அவர் நண்பர் மாக்ஸ் பிராட் 1926இல் வெளியிட்டார். கடைசி வாக்கியம்கூடப் பாதியில் நிற்கும். என்ன அழகு!

தையற்காரர்: நண்பர் மீறினால் அழகு, மகன் மீறினால் துரோகமா?

மாஷ்: அது நன்றாக இருந்ததப்பா!

தையற்காரர்: அப்படியானால் உங்கள் வழக்கு எரிப்பதைப் பற்றியதல்ல. காசைப் பற்றியது.

மாஷ்: (சற்றுப் பேசாமல் இருந்து) விலையும் அதிகம்தான்.

தையற்காரர்: அட்டைகளைப் பிய்த்துப் பார்த்தீர்களா?

மாஷ்: பிய்த்தால் பழைய புத்தகக் கடையில் பாதி விலைகூடத் தரமாட்டான். அது கிடக்கட்டும், ஓணத்துக்கென்று கொடுத்த என் பேண்ட் எங்கே? விஷுவே வரப்போகிறது.

தையற்காரர்: இடது கால் முடிந்துவிட்டது, மாஷே. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று மகனிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

மாஷ்: எரித்துவிடச் சொல்லியா?

தையற்காரர்: வெளியிடச் சொல்லி.