மலையே இல்லாத ஊரில் இரண்டு மலை

வேதாரண்யம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். "பிடித்ததை வரையுங்கள்" என்று சொன்னால் பிள்ளைகள் எதை வரைவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இரண்டு மலை, நடுவில் சூரியன், இறங்கி வரும் ஆறு, ஓட்டு வீடு, ஓரமாக ஒரு தென்னை, வானத்தில் இரண்டே வளைவில் பறவைகள். நீங்களும் இதைத்தான் வரைந்திருப்பீர்கள். நானும்தான். எங்கள் ஊரில் மலையே கிடையாது, சூரியன் கடலிலிருந்துதான் கிளம்பி வருகிறது. பிள்ளைகள் ஊரைப் பார்த்து வரையவில்லை, கரும்பலகையைப் பார்த்து வரைந்தார்கள். அதில் வரைந்து போட்டது நான்.

பல வருடம் அப்படித்தான் ஓவிய வகுப்பு எடுத்தேன். நான் ஒரு மாம்பழம் போடுவேன், அவர்களும் போடுவார்கள். என்னுடையது மாதிரி இருந்தால் வெரி குட். வகுப்பு சத்தமில்லாமல் இருக்கும், எனக்கும் பதிவேட்டு வேலை முடியும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது. பள்ளி திறந்தபோது பாடம் நடத்த யாருக்கும் தெம்பில்லை. தாளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன், போர்டில் எதுவும் போடவில்லை. ஒரு சிறுமியின் தாளில் தென்னைகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. இன்னொருவன் கூரையில்லாத வீட்டை வரைந்திருந்தான். தாளைத் திருப்பினால் பின்பக்கம் கூரை மட்டும் தனியாக இருந்தது. ஏன்டா என்றேன். "கூரை அந்தாண்ட போயி விழுந்துச்சு டீச்சர்." இப்படி ஒரு யோசனை எனக்கு எந்தக் காலத்திலும் வந்திருக்காது.

அன்றைக்குப் பிறகு போர்டில் வரைவதை நிறுத்தினேன். பதிலுக்குக் கேள்வி கேட்கத் தொடங்கினேன். 'உப்பளம் வரையுங்கள்' என்று சொல்லாமல், 'உப்பளத்தில் மத்தியானம் நின்றால் கண்ணுக்கு என்ன ஆகும்?' என்று கேட்டேன். பாதிப் பேர் வீட்டில் உப்பள வேலைதான், எல்லோருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. வரைய உட்கார்ந்ததும் சிக்கல் வந்தது. "உப்பும் வெள்ளை, பேப்பரும் வெள்ளை. எப்டி டீச்சர்?" எனக்கும் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னேன். ஒருவன் உப்பைத் தொடாமல் சுற்றிலும் வானத்தையும் பாத்தியையும் அழுத்தி நீலமடித்து, குவியலை வெறுமனே விட்டுவிட்டான். ஒருத்தி பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் மேல் சாக்பீஸால் வரைந்தாள். மழைக்காலத்தில் குவியலை ஓலை போட்டு மூடுவார்கள் அல்லவா, இன்னொரு பிள்ளை ஓலையை மட்டும் வரைந்து "உள்ள உப்பு இருக்கு" என்றது. நாற்பது நிமிடத்தில் ஒரே சிக்கலுக்கு மூன்று வழி.

பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் அந்த நீலப் படத்தைக் கையில் எடுத்து, "நடுவுல ஏன் கலர் அடிக்கல? முடிக்கச் சொல்லுங்க" என்றார். பையன் என்னைப் பார்த்தான். "அது முடிஞ்சிடுச்சு சார்" என்று நான்தான் சொன்னேன்.

ஆஸ்திரியாவின் வியன்னாவில் ஃப்ரான்ட்ஸ் சீசெக் என்ற ஓவியர் 1897லேயே, பார்த்துப் போடச் சொல்லாமல் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்தினார். அதே நாட்டில் பிறந்து அமெரிக்கா போன விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற ஓவியக் கல்வி அறிஞர் ஓர் உதாரணம் காட்டுகிறார். ஒரு குழந்தை தன் போக்கில் வரைந்த பறவை ஒன்று. அதே குழந்தை, அச்சடித்த பயிற்சித் தாளில் இருந்த பறவையைப் பார்த்து வரைந்து பழகிய பிறகு வரைந்தது இன்னொன்று. இரண்டாவதில் குழந்தையின் பறவை காணாமல் போய், தாளில் இருந்த பறவை வந்து உட்கார்ந்துவிடுகிறது. நம் வளைவுக் கோட்டுப் பறவையும் இப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சுவர் வழியாக உள்ளே சமைக்கும் அம்மா தெரிவது, அப்பாவைவிட ஆட்டுக்குட்டி பெரிதாக இருப்பது, இதெல்லாம் ஏழெட்டு வயதில் இயல்பு என்கிறார் லோவன்ஃபெல்ட். அதன் மேல் சிவப்புப் பேனா வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஆட்டுக்குட்டி பெரிய விஷயம், அவ்வளவுதான்.

"தொடக்கப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியரே இல்லையே" என்று சக ஆசிரியர்கள் சொல்வது நியாயம்தான். 2012இல் அரசு பகுதி நேரமாக ஆசிரியர்களை எடுத்தபோதும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான் கொடுத்தார்கள். பணியிடம் வேண்டும் என்று கேட்போம், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நன்றாக வரையத் தெரிந்த ஆசிரியர்தான் சில சமயம் பிள்ளையின் கையைப் பிடித்துத் திருத்திவிடுகிறார். எனக்கு மாம்பழத்துக்கு மேல் வராது. அதனால் வகுப்பு கெடவில்லை.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். போட்டிக்கு என்று நீங்களே வரைந்து பிள்ளை பெயரைப் போட்டு அனுப்பாதீர்கள். எங்களுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும், பரிசு கொடுக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. அப்புறம், வரைந்ததைக் கொண்டுவந்து காட்டினால் "இது என்ன?" என்று கேட்காமல் "இங்க என்ன நடக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வரும், அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள்.