வாடகைக்கு இருப்பவர்களையும் சேருங்கள்
அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான செயலியை உருவாக்குவது பற்றி நான் படித்த கட்டுரை, அதில் வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டும் கணக்கு போதும் என்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சங்கத் தேர்தலில் ஓட்டு உரிமையாளருக்கு மட்டும் இருக்கட்டும், சரி. ஆனால் லிஃப்ட் பழுது, தண்ணீர் லாரி வரும் நேரம் எல்லாம் குடியிருப்பவருக்குத்தானே தெரிய வேண்டும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல இடங்களில் கரண்டும் போனது, செல்போன் சிக்னலும் போனது. எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், யாருக்கு இன்சுலின் வேண்டும், யார் டாக்டர் என்ற பட்டியல் இந்தச் செயலியில் இருக்க வேண்டும்; அது இணையம் இல்லாமலும் போனில் திறக்க வேண்டும். விருப்பப்பட்டவர்கள் மட்டும் விவரம் கொடுத்தால் போதும்.

அப்புறம், வாட்ஸ்அப் குழுவில்போல் எல்லோருடைய நம்பரும் எல்லோர் கண்ணிலும் படக் கூடாது. பராமரிப்புப் பாக்கி வைத்தவர் பெயரைப் பொதுவில் போடும் வசதியைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள்.