எந்தக் கேடியும் எல்லா லேப்டாப்புக்கும் பொருந்தாது

"லேப்டாப்பின் டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் கிடைக்கிற ஏதாவது ஒரு கேடியை வாங்கி, புது எஸ்எஸ்டியை அதில் மாட்டினால் வேலை முடிந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. (கேடி என்பது டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் இன்னொரு டிஸ்க்கை மாட்ட உதவும் சட்டம்; எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு டிரைவ்.)

கேடியில் பெரும்பாலும் 9.5 மிமீ, 12.7 மிமீ என இரண்டு தடிமன் உண்டு. மெல்லியது பெரிய இடத்தில் ஆடும். தடித்தது சிறிய இடத்தில் நுழையவே நுழையாது. கழற்றிய டிவிடி டிரைவைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். ரொம்பப் பழைய லேப்டாப் என்றால் டிவிடி டிரைவின் இணைப்பு ஐடிஇ என்ற பழைய வகையாக இருக்கலாம், அதற்குப் பின் வந்த சாட்டா வகைக் கேடி அதில் சேராது.

எஸ்எஸ்டியைக் கேடியில் போடச் சொன்னதுதான் பெரிய தப்பு. பல லேப்டாப்புகளில் டிவிடி போர்ட் சாட்டா 2 வேகம்தான், வினாடிக்கு 300 எம்பியைத் தாண்டாது. சாட்டா 3 எஸ்எஸ்டி 500-க்கு மேல் ஓடக்கூடியது. சில பயாஸ்கள் (லேப்டாப்பைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) அந்த போர்ட்டிலிருந்து பூட் ஆகவும் விடாது. ஆகவே எஸ்எஸ்டி உள்ளே ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில், பழைய ஹார்ட் டிஸ்க் கேடியில். சந்தேகமா? கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் 'டிரான்ஸ்ஃபர் மோட்' வரியைப் பாருங்கள்: முதலில் இருப்பது இப்போதைய வேகம், அடுத்தது டிரைவின் வேகம். 'சாட்டா/300 | சாட்டா/600' என்று காட்டினால் போர்ட்தான் இழுத்துப் பிடிக்கிறது.

பழைய டிரைவின் முன்மூடியையும் பின்பக்க இரும்புத் தகட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தகடு இல்லாமல் கேடிக்குத் திருகு பிடிக்காது, பையில் தூக்கிப் போகும்போது வெளியே நழுவும்.