நோட்டைக் காட்டுங்க அக்கா

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருபது பேரைச் சேர்த்து ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு நடத்தினார். மாதம் 5,000. ஏலத்தன்று அவர் வீட்டுத் திண்ணையில் டீயும் முறுக்கும் உண்டு. யார் எவ்வளவு தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, சீட்டை எடுத்தார்கள், அதில் ஆளுக்குக் கிடைக்கும் பங்கான கசர் எவ்வளவு, எல்லாம் அவர் வாயால் சொல்வதுதான். எட்டாவது சீட்டை யாரோ ஃபோனிலேயே கேட்டு எடுத்துவிட்டதாகச் சொன்னார். "நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க அக்கா" என்றேன். முகம் சுண்டிப்போய்விட்டது. "ஏம்பா, எம்மேல நம்பிக்கை இல்லையா?" சுற்றி இருந்தவர்களும் நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போலப் பார்த்தார்கள். அசடு வழிந்துகொண்டே டீயைக் குடித்து முடித்தேன்.

பதினாலாவது மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. எட்டாவது சீட்டை எடுத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொன்னோம். அப்படி ஒரு ஆளே கிடையாது.

நான் அக்காவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கணக்குக் கேட்பதை அவமரியாதை ஆக்கி வைத்திருக்கிறோமே, அதில்தான் எனக்குக் கோபம். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும், நடத்துபவர் பிணைத்தொகை கட்ட வேண்டும், ஒவ்வொரு ஏலத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் சீட்டில் இதில் ஒன்றுகூட இல்லை. முறுக்கு மட்டும் நன்றாக இருந்தது.

ஆடி மாதம் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் போய்ப் பாருங்கள். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, மொய் வாங்குவதற்கென்றே கறிவிருந்து போடுவார்கள். லட்சக்கணக்கில் பணம் புழங்கும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. ஊர்ப் பாசம் என்று அதைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த மொய் மேசையைப் பாருங்கள். மூலையில் மஞ்சள் தடவிய நோட்டு, பெயர், ஊர், தொகை. எழுதுபவர் ஒருவர், எண்ணுபவர் ஒருவர். நெருங்கிய சொந்தமானாலும் எழுதிய பிறகுதான் இலைக்குப் போவார். விருந்து வைத்தவர் வீட்டில் அன்றிரவே பழைய நோட்டைப் பிரித்து, யார் திருப்பிச் செய்தார்கள், யார் செய்யவில்லை என்று பார்ப்பார்கள். அங்கே யாரும் "நம்பிக்கை இல்லையா" என்று மூக்கைச் சிந்துவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பிறகு திருப்பிச் செய்ய முடியாமல் திணறியவர்கள் நிறைய. சரி, பணம்தான் தாமதமானது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது நோட்டில் அப்படியே இருந்தது.

போன ஆடியில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்ற வசூல் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கணக்கை எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினேன். மறுநாளே தெருக்கோடி வீட்டுப் பையன் வந்தான். "மாமா, கேழ்வரகு 40 கிலோன்னு போட்டிருக்கீங்க. நான் தூக்கினப்பவே குறையிற மாதிரி இருந்துச்சு."

சுள்ளென்றுதான் இருந்தது. வாய்வரை வந்துவிட்டது, அக்கா கேட்ட அதே கேள்வி. முழுங்கிக்கொண்டு பில்லை எடுத்து நீட்டினேன். பிரிக்காமல் கிடந்த இன்னொரு மூட்டையை இரண்டு பேருமாகத் தூக்கித் தராசில் வைத்தோம். 20 கிலோ இருக்க வேண்டியது, 19தான் இருந்தது. பையன் வண்டியை எடுத்தான். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன், கடைக்கு.